மஞ்சள் அரிசி

புதன்கிழமை, ஆயுத பூசைக்கு மறுநாள்.

நேற்று எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு நான் ஓட்டும் பழைய காருக்கும் வீட்டுத் தையல் மிஷினுக்கும் என் மனைவி அஞ்சலை சந்தனம் வைத்து, மஞ்சள் அரிசி தூவிக் கும்பிட்டாள். இன்று காலை சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, துரையின் கடிதங்களோடு கோலசிலாங்கூருக்குக் கிளம்பினேன்.

கம்பிவேலி கேட்டில் சோதனை. சீட் இடுக்கில் அந்த அரிசி ஒரு பிடி கிடந்தது. தோட்டத்து வேலியைத் தாண்டி அரிசி போனால், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோவதாகத்தான் வழக்கு. கூட்டித் தள்ளாமல் கிளம்பிய மடையன் நான்.

"யார் போட்டது?" என்று போலீஸ்காரன் மலாயில் அதட்டினான்.

"நான் இல்ல துவான், என் பொஞ்சாதி."

அவள் பெயரை எழுதிக்கொண்டு என்னை விட்டுவிட்டான். நாளை அவள் ஸ்டேஷனுக்கு வரவேண்டுமாம்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அவள் திட்டவில்லை. தையல் மிஷினில் சிக்கிய அரிசியை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "ரோட்டுல உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் கும்பிட்டேன். ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள்.

நாளை நானும் கூடப் போவேன். நான்தான் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவேண்டும்.