பழைய இலக்கம் 38

என் வாசு,

உன் பெயருக்கு முன்னால் என்ன போடுவதென்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் இலக்கியக் கூட்டத்தை நடத்தும் குலம் அண்ணை எல்லா அறிவித்தலிலும் 'அமரர்' போடுகிறார். எனக்குக் கை வரவில்லை. ஆகவே வாசுகியும் இல்லை, அக்காவும் இல்லை, வெறும் வாசு. உன் ஆட்டைத் திவசத்துக்கு, முதல் வருட நினைவுக்கு, வெளியிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் தரச் சொல்லி அவர் மூன்று தரம் கேட்டுவிட்டார். மற்றவர்கள் உன்னைப் பற்றி அழகாக எழுதுவார்கள். நான் உன்னோடு கதைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

முதலில் இங்கத்தைய புதினம். மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டம் வெள்ளவத்தையில் அதே மாடியில்தான் நடக்கிறது. நாலரைக்கு என்று போட்டு ஐந்தேகாலுக்குத் தொடங்குகிறோம். போன மாதம் லிஃப்ட் பழுது. மூத்த கவிஞர் ஒருவர் கீழேயே நின்றுகொண்டு, கவிதையை மட்டும் மேலே கொடுத்தனுப்பினார். ப்ளேன்டீயும் ரோல்ஸும் தீர்ந்ததும் பாதிப் பேர் எழும்பிவிடுகிறார்கள். நான் வழமைபோலக் கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத கதிரையில். "தேவகி, ஏதும் சொல்லப் போறீரோ?" என்று குலம் அண்ணை கேட்பார்; நான் இல்லையென்று தலையாட்டுவேன். ஏழு வருடமாக அப்படித்தானே?

கொட்டாஞ்சேனை நடை இப்போது என் தலையில். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு, எழுத்தாளர் இருந்த வீடு, அச்சுக்கூடம் இருந்த மூலை, நாடகம் போட்ட மண்டபம் என்று நீ காட்டித் திரிந்தாயே, அதுதான். பஸ்ஸுக்கும் த்ரீவீலருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்தபடியே பேசுவாய். "என்ர நடை எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, "காலைச் சொல்லேல்லை, வசனத்தைச் சொல்லுறன்" என்று நீயே சிரிப்பாய். எனக்கு உன் நடை வராது வாசு, இரண்டு அர்த்தத்திலும். உன் குறிப்புக் கொப்பியைப் பார்த்து வாசிக்கிறேன். வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். திரும்பி வந்து முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, இதெல்லாம் யாருக்காக என்று யோசிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தெட்டாம் இலக்க வீடு.

உன் நடையின் உச்சமே அதுதான். துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு நாடகம் எழுதிய மனிதர். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, 'கிளாக்கர்' என்றால்தான் அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நாடகப் பிரதிக்குள் அவருடைய கடிதம் ஒன்று உனக்குக் கிடைத்தது. மேலே தெருப் பெயரும் 38 என்ற இலக்கமும். அடுத்த நாளே அந்தக் கதவைத் தட்டினாய். பிலோமினா அக்கா திறந்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் அந்த முன்னறையில் ப்ளேன்டீ குடித்துக்கொண்டு கிளாக்கரின் நாடகத்தில் ஒரு காட்சியை வாசித்தோம். ஜன்னலோரத்துக் கறுத்த மேசையைக் காட்டி, "இதிலதான்" என்பாய். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாய். எல்லோரும் அந்த மேசையை ஒருதரம் தொட்டுவிட்டுப் போவார்கள்.

நானும் தொட்டேன். உனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் வெளியே போன பிறகு, செருப்பைத் தேடுகிறவள் போல நின்று, உள்ளங்கையை முழுதாக வைத்தேன். "உனக்கு எதுக்கும் ஆதாரம் வேணும், கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பாய்" என்று நீ கிண்டல் செய்த அதே தேவகி.

போன மாதம் என் மேசைக்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் வந்தது, சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேலையில் கிடைப்பதெல்லாம் உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான் என்று நீ பரிதாபப்படுவாய். யாருடைய உறுதி என்று சொல்லமாட்டேன். அதே தெரு. எல்லைகளைச் சொல்லும் இடத்தில், தெற்கே, 'இன்றைய வரிமதிப்பீட்டு இலக்கம் 64, முன்னைய இலக்கம் 38' என்றிருந்தது. இரண்டாம் முறையும் வாசித்தேன். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டேன்.

மாநகரசபை எப்போதோ தெரு முழுவதுக்கும் இலக்கத்தை மாற்றியிருக்கிறது. கிளாக்கர் கடிதத்தில் எழுதியது பழைய முப்பத்தெட்டு. நீ தட்டியது புதிய முப்பத்தெட்டின் கதவு. பழைய இலக்கம், புதிய இலக்கம் என்று ஒவ்வொரு நாளும் தட்டெழுதுகிற நான் ஏழு வருடமாக அதை யோசிக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

சும்மா விட்டிருப்பேன். ஆனால் கல் ஒன்று செய்யக் கொடுத்தாகிவிட்டது. உன் திவசத்தன்று பிலோமினா அக்கா வீட்டுச் சுவரில் பதிக்க, 'இவ்வீட்டில் வாழ்ந்தார்' என்று கிளாக்கரின் பெயர், கீழே 'வாசுகி நினைவாக' என்று உன் பெயர். திறந்து வைக்க உன் மகள் யாழினி கனடாவிலிருந்து வருகிறாள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரவேண்டியவள் நான். 'மூலத்துக்கு உண்மையானது' என்று வாழ்நாளெல்லாம் சான்றுப்படுத்திய கையால் இதை எப்படி எழுத?

குலம் அண்ணைக்கு போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த வீடு பிழை. இலக்கம் மாறியிருக்குது."

"எந்த இலக்கம்? கல்லில தமிழ் வெட்டியாச்சுப் பிள்ளை. மற்ற ரெண்டு பாஷைக்கும்தான் கல்லுக்காரன் பாத்துக்கொண்டிருக்கிறான்."

"கிளாக்கர் இருந்தது அங்க இல்லை அண்ணை."

"அந்த ரோட்டில இருந்தவர்தானே?"

"ஓம்."

"பிறகென்ன? ரோட்டுக்குள்ளதானே நிக்கிறம்! இஞ்ச பாரும், வாசு செத்துப் பத்து மாசம். அந்தப் பிள்ளை பிளேன் ஏறி வருது. அதுக்கு முன்னால போய் உம்மட அம்மா பிழை விட்டவ எண்டு சொல்லுவீரோ?"

சொல்வேனா? எனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் பிலோமினா அக்காவிடம் போனேன். அந்த வீட்டை அவரிடமிருந்து பறிக்க வந்தவள் போல முன்னறையில் இருந்துகொண்டு, உறுதி, எல்லை, முன்னைய இலக்கம் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எனக்குத் தெரியும் தானே மகள்," என்றார். "இது எங்க அப்பா வாங்குன வீடு. அப்போ இதுக்கு நம்பர் பன்னெண்டு. எந்தக் கிளாக்கரும் இங்க இருக்கல்ல."

"வாசுகிக்கு நீங்கள் சொல்லேல்லையா?"

"சொன்னேனே. அவங்க வந்த ரெண்டாவது மாசமே சொல்லிட்டேன். மொகம் இப்பிடிப் போச்சு." அக்கா தன் கன்னத்தை இரண்டு விரலால் கீழே இழுத்துக் காட்டினார். "அன்னைக்கே அந்தப் பக்கம் நடந்து போயிப் பாத்துட்டு வந்தாங்க. வந்து, 'அக்கா, அங்க டயர் கடை. டயர் கடையில நிண்டு ஆர் நாடகம் வாசிப்பினம்? நாங்கள் இஞ்சயே வாறமே'ன்னாங்க. எங்க அவரு போயி அப்ப ஒரு வருசம். வீட்டுக்கு ஒரு ஆள் இல்ல. வரட்டும்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"மேசை?"

"அது எங்க அவரு புறக்கோட்டையில ஏலத்துல எடுத்தது. அயர்ன் பண்றதுக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் மகள், நீங்களும் தொட்டீங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை வாசு. இத்தனை வருடமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் கடைசி மாதங்களில் ஒவ்வொரு பின்னேரமும் உன் கட்டிலருகே இருந்தேனே, சொல்லியிருக்கலாமே? நான் சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தாயா? அல்லது, எதையும் நம்பாத ஒருத்தி ஒன்றையாவது நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டாயா? எதுவென்றாலும் எனக்குக் கோபம்தான்.

வெளியே வந்து அறுபத்துநான்கைத் தேடி நடந்தேன். டயர் கடைக்காரர், ஒரு முஸ்லிம் நானா, வாசலிலேயே இருந்தார். "எந்த சைஸ் மிஸ்?" என்றார். டயருக்கு வரவில்லை, இந்த வளவில் முன்பு நாடகம் எழுதும் கிளாக்கர் ஒருவர் இருந்தவர் என்றேன். அவர் எழும்பி, தன் கடையைத் தானே புதிதாகப் பார்ப்பவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

"பெரிய ஆளா?"

"இல்லை. இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"அவர்ட நாடகத்தில சிரிக்கிறதுக்கு ஏதும் ஈக்கா?"

உன் குறிப்புக் கொப்பி கைப்பைக்குள் இருந்தது. சம்பள நாளில் கிளாக்கரின் மனைவியும் கிளாக்கரும் கதைக்கிற காட்சியில் பத்து வரி, நின்ற நிலையிலேயே வாசித்தேன். நானா சத்தமாகச் சிரித்துவிட்டு, உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "திருப்பிப் படிங்க மிஸ், இவனும் கேக்கட்டும்" என்றார். திருப்பி வாசித்தேன். தெருச் சத்தத்தில் தொண்டை கட்டிவிட்டது. டயர் கடையில் நின்று வாசிக்கலாம் வாசு. நீ ஒருதரம் முயன்று பார்த்திருக்கலாம்.

அன்றைக்கே யாழினிக்கு எடுத்து எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"சித்தி, அம்மா தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னவவா?"

"ஓம்."

"நீங்கள் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிய வராதோ?"

"வராது."

"அப்ப நான் அந்தச் சீலையை இழுத்துக் கல்லைத் திறக்கேக்க, நீங்கள் எங்க பாத்துக்கொண்டு நிப்பீங்கள்?"

உன் மகள்தான், சந்தேகமில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லுக்காரரிடம் நேரிலே போனேன். வெட்டிய எழுத்தை அழிக்க முடியாதாம். கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் வெட்டலாமாம். வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்று மொழியிலும். 'கிளாக்கர் இந்த வீட்டில் வாழவில்லை. பழைய இலக்கம் 38, அப்பால், இன்று 64. வாசுகி எங்களை இங்கே கூட்டிவந்து அவரை வாசிக்க வைத்தாள். பிலோமினா தேநீர் தந்தார்.' பிலோமினா அக்கா ஒரு திருத்தம்தான் சொன்னார்: தேநீரோடு பிஸ்கட்டும் கொடுத்தவராம். சேர்த்துவிட்டேன். நீ வெட்டச் சொல்லியிருக்கக்கூடிய வாசகம் சுவர்ப்பக்கமாக, சீமெந்துக்குள் இருக்கும். அதை அழிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

கல்லைத் திருப்பியது குலம் அண்ணைக்கு இன்னும் தெரியாது. நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன், வருகிற சனிக்கிழமை வெள்ளவத்தைக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை நானே எழும்பி வாசிப்பேன். அவருக்கு முகம் கறுக்கும். சிலர் இனி நடைக்கு வரமாட்டார்கள். மிச்சமிருக்கிறவர்களை முதல் ஞாயிறு இரண்டு வாசலுக்கும் கூட்டிப் போவேன், முழங்கால் விடுகிற மட்டும். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நான் வாசித்ததில் ஏதும் பிழையென்றால், மறுத்துப் பேச நீ ஒருதரம் வா.

உன் மகளுக்குச் சித்தியும்,
உனக்கு இன்னும் கோபம் தீராத சகோதரியுமான
தேவகி