வார்த்தை வரும்வரை

அன்புள்ள அக்கா,

அப்பா தூங்கிவிட்டார். உனக்கு எழுதுவது தெரிந்தால் கோபித்துக்கொள்வார். பக்கத்து அறையில் கட்டில் அசைந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அவருக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அப்பா என் வாயைக் கட்டிப்போட்டார். ஒரு நாள் என்னையும் மறந்துவிடுவாரோ என்று தினமும் இரவில் தலையணைக்குள் அழுதுகொண்டிருந்தேன். இன்று அழவில்லை.

அதே நோய் உள்ளவர்கள் வாரம் ஒருமுறை நூலக மாடியில் கூடிப் பேசுகிறார்கள். இன்று அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். தன்னைப் பற்றிச் சொல்ல எழுந்தவர், "நான் இத்தனை வருஷமா..." என்று நின்றுவிட்டார். பஸ் டிரைவர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த தையல்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு கண்ணு. இங்க யாரும் வார்த்தைய எடுத்துக் குடுக்க மாட்டோம். அவரே தேடட்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பாவின் கைகள் தாமாகவே இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பின.

"பாத்து ஓட்டுங்க சார், நாங்கல்லாம் உள்ளதான் இருக்கோம்" என்றார் ஒரு கணக்கு வாத்தியார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே, "பஸ்... பஸ் ஓட்டினேன்" என்றார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

வரும் வழியில், "பெரியவகிட்ட நானே சொல்லிடறேன்மா" என்றார். அடுத்த வாரம் உனக்குப் போன் செய்வார். முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. பேச்சின் நடுவில் சத்தமே வராமல் போகும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, அக்கா. அவர் அங்கேதான் இருப்பார்.

உன் குட்டி