எரித்ததோடு நிற்காத கூத்து

மச்சான்,

ரதி வேசத்துச் சேலையை மடித்து வைக்க நேற்றுத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அரிதார வாசம், தேங்காயெண்ணெய், அதற்கடியில் உன் வியர்வை. இரவிக்கைக் கழுத்தில் உன் முகப்பூச்சு இன்னும் ரோஸ் நிறமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் காமன் கூத்தில் ரதி நான்தான்.

மாசி மாதம் சிவன் காமனை எரிப்பார். மூன்றாம் நாள் பகலில், ரதியின் அழுகைக்கு இரங்கி எழுப்புவார். நம் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. "எரிச்சதோட முடிப்போம். சனங்க கோவத்தோட வீட்டுக்குப் போகட்டும்" என்று வருஷா வருஷம் உன்னோடு மல்லுக்கட்டுவேன். நல்ல முடிவு என்பது நம்மைத் தூங்கவைக்கும் மருந்து என்பது என் கட்சி. நீ சிரிப்பாய். "அழுவுறதுக்குக் கூத்து எதுக்குடா? காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா போதுமே."

ஒரு வருஷம் நான் காமன், நீ ரதி. வெள்ளைத்துணிக்குள் கிடந்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று, வேண்டுமென்றே எழும்பவில்லை. தப்பு மேளச் சத்தம் நின்றது. பேச்சும் நின்றது. ஒரு பெண் "ஐயோ" என்றாள். அதில் நடிப்பே இல்லை. உன் சலங்கைக் கால் என் விலாவில் விழுந்தது.

"எந்திரிடா எருமை! சாமியே உசுரு குடுத்துட்டாரு, ஒனக்கென்ன கேடு?"

எழுந்தேன். கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. எத்தனையோ தடவை பார்த்த முடிவு. பிறகு ஏன் பயந்தார்கள்? அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை.

உன்னைக் குளவிக் கூட்டம் கொட்டிய அன்று கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நம் தோட்டத்து ரோட்டின் பள்ளங்களில் லொறி ஊர்ந்தது. வழியில் லுணுகலை வருமுன்பே நீ போய்விட்டாய். ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரும் அந்த ரோட்டைப் போட்டுத் தருவதாகச் சொன்னவர்கள்தான். அவர்கள் சொன்ன கதைக்கும் நல்ல முடிவுதான்.

அதனால், உன் வேசத்தை என்னைக் கட்டச் சொன்னபோது, எரிப்போடு நிறுத்தினால் கட்டுகிறேன் என்றேன். கோயில் கமிட்டி தலையாட்டியது. உன் மனைவி செல்விதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்க கூட்டாளி திரும்பி வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? எரிஞ்ச எடத்துலயேதான் தெனம் நிக்கிறேன். அங்கயே நில்லுன்னு சொல்லக் கூத்து வேறயா?"

கமிட்டியிடம் போய், எழுப்பியே முடிப்போம் என்றேன்.

மூன்றாம் நாள் எழுப்பினோம். "ரதிக்குச் சவரம் பண்ண ஆளில்லையா?" என்று பெண்கள் கத்தினார்கள். செல்வியும் சிரித்தாள். காமன் எழுந்தபோது மட்டும் வேறு பக்கம் பார்த்தாள். தப்பு ஓய்ந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "காமன எழுப்பியாச்சு. இப்ப ரோட்டக் கேப்போம், வாங்க" என்றாள். பாதிக் கூட்டம் அவள் பின்னால் தோட்ட ஆபீசுக்கு நடந்தது. வேசம் கலைக்காமல் நானும் போனேன்.

"என்னடா இது கோலம்? கூத்து முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் வாசலில் நின்ற கிளாக்கர்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

ரோடு இன்னும் வரவில்லை. நல்ல முடிவை நான் தூக்க மருந்து என்றேன். அதைக் குடித்தவர்கள் தூங்கவில்லையே, ஏன்? ஒரு தடவை நல்லபடி முடிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் மற்றதெல்லாம் பொறுக்க முடியாமல் போகிறதோ? நீ இருந்தால் இதற்கும் சிரிப்பாய்.

சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டேன் மச்சான். சலங்கையை வைக்கவில்லை. வரும் வாரம் மறுபடி ஆபீசுக்குப் போகிறோம்.