கிளிப் பக்கத்துப் புள்ளிகள்

ஜூன் 6

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பாவும் நலம், ஆனால் நீ வரும்வரை எடுப்பதில்லை என்று தாடி வளர்க்கிறார்.

நீ அனுப்பிய நான்கு படங்களும் வந்தன. சிலிக்கான் தகட்டின் மேல் நேர் மேலிருந்து அயனிகளைப் பாய்ச்சினால், யாரும் செதுக்காமலே கண்ணுக்குத் தெரியாத மேடுகள் தாமாக எழும்பும் என்று எழுதியிருந்தாயே, அதை வகுப்பில் படித்துக் காட்டினேன். "உங்கம்மா மணலைச் சுட்டு மணலையே போட்டோ எடுக்கறாங்களா?" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

உன் கட்டுரை வெளியானதும் ஆகஸ்டில் வந்துவிடுவாய் என்று அலமாரியில் உனக்கு ஒரு தட்டைக் காலி செய்துவிட்டார் அப்பா. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. லென்ஸை எடுத்து, படத்தில் புள்ளிகளாகத் தெரியும் அந்த மேடுகளை எண்ணத் தொடங்கினேன். நான்கு படங்களிலும் ஒரே அளவில் கட்டம் போட்டேன். 41, 30, 17, 9. பின்பக்கம் நீ பென்சிலில் "கிளிப்பிலிருந்து 1 மி.மீ., 2, 4, 7" என்று குறித்திருக்கிறாய். கிளிப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை? அந்தக் கிளிப் எதனால் செய்யப்பட்டது?

உன் புத்தகப் புழு


ஜூன் 19

என் புழுவுக்கு,

கிளிப் வெறும் எஃகு. தகடு நகராமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறோம். தகட்டின் ஓரங்களில் அயனிகள் கொஞ்சம் அதிகமாக விழும். நீ பரீட்சைக்குப் படி. அப்பாவைத் தாடியை எடுக்கச் சொல்.

அம்மா


ஜூலை 2

அன்புள்ள அம்மா,

பரீட்சை முடிந்தது. தாடி முடியவில்லை.

ஓரம்தான் காரணம் என்றால், கிளிப் இல்லாத எதிர் ஓரத்திலும் 41 இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஓரத்துப் படம் இருந்தால் அனுப்பு. சும்மா பார்க்கத்தான்.

புழு


ஜூலை 30

அன்புள்ள அம்மா,

நான்கு வாரமாக உன் கடிதம் இல்லை. பள்ளி விட்டதும் ஓடி வந்து தபால் பெட்டியைத் திறக்கிறேன், மூடுகிறேன், திரும்பவும் திறக்கிறேன். "பூட்டு தேஞ்சுடும்டி" என்றார் அப்பா. பிறகு, "அவ வர்ற நேரத்துல உன்னை யாரு எண்ணச் சொன்னது?" என்றார்.

"படத்துல இருக்கறதத்தானேப்பா சொன்னேன்."

அவர் துணி மடித்தார். மடித்த சட்டையையே மறுபடி மடித்தார்.

அம்மா, திரும்ப எண்ணினேன். நான்தான் தப்பு. எல்லாப் படத்திலும் 24தான். நீ எதையும் மாற்றாதே. வந்துவிடு.

புழு


ஆகஸ்ட் 11

என் கண்ணே,

நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் 24 சொச்சம் வருகிறது. உனக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

நீ கேட்ட ஓரத்தை உன் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்மேல் கோபம், கிளிப்மேல் கோபம். ஆய்வகத் தாழ்வாரத்தில் நடந்து நடந்து செருப்புதான் தேய்ந்தது. ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு உன் 24 வந்தது. என்னை வரவழைக்க நீ எண்களைத் திருத்தக் கற்றுக்கொள்வதா?

மறுநாளே கிளிப்பை எடுத்துவிட்டேன். தகட்டை அடியில் பசை வைத்து ஒட்டி, அதே நேரம், அதே அயனிகள். தகடு வழுவழுவென்று இருந்தது. அயனிகள் கிளிப்பையும் தாக்கியிருக்கின்றன. அதிலிருந்து தெறித்த இரும்பு தகட்டில் விழுந்துதான் அத்தனை மேடும். தாமாக எழும்பவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகஸ்டில் வர முடியாது. இன்னும் ஒரு வருடம் ஆகலாம்.

புதுப் படம் இதனுடன் இருக்கிறது. என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அம்மா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை அப்பா நின்றபடியே படித்தார். நேரே போய்த் தாடியை மழித்துக்கொண்டு வந்தார். "ஒரு வருஷம் இதை வச்சிட்டுச் சுத்த முடியாது" என்றார். அலமாரியில் உன் தட்டில் இன்னும் எதையும் வைக்கவில்லை.

எனக்கு உன்மேல் கோபம்தான். கடிதம் வந்த திங்கட்கிழமை நிறைய இருந்தது. இன்று கொஞ்சம்.

புதுப் படத்தை மற்ற நான்குக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். "என்னடி இது, வெறும் சாம்பல் காகிதம்?" என்றார் அப்பா. அதிலும் கட்டம் போட்டு எண்ணினேன். 0. நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். 0தான், அம்மா. இந்த முறை உண்மையாகவே எண்ணினேன்.

உன் புத்தகப் புழு