இடது சீட்டு காலியாக இருக்கிறது

என் வயிற்றெரிச்சலுக்குச் சொந்தக்காரனான மாப்ள பாஸ்கருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போய்ச் சேர்ந்தவன்மேல் பொறாமைப்படுகிற ஆள் பட்டுக்கோட்டையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். நேரில் கேட்டிருந்தால் டீ சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பாய். இப்போது மாற்று பார்ப்போம்.

உன் கருமாதி அன்று பந்தியில் என் பக்கத்து இலையில் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். பேர் கணேசன், சீர்காழியில் மருந்துக்கடை. “நானும் பாஸ்கர் அண்ணனும் மூணு வருஷமா ஞாயித்துக்கிழமையானா சேர்ந்து பறப்போங்க” என்றார். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவனே நீதானே. ஆனால் சேர்ந்தா?

“ஆமாங்க. அவரு வீட்ல அவரு, என் வீட்ல நான். விமானம் ஒண்ணுதான். அவரு இடது சீட்டு, கேப்டன். நான் வலது சீட்டு.”

இலையில் பாயசம் ஓடிப்போய் மடியில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

என்னிடம் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “விளையாட்டோட சும்மா வர்ற விமானமே உனக்குப் போதும் மச்சான்.” தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கிற பெரிய பயணிகள் விமானத்தைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் உட்கார்ந்து குறை சொல்வாய். முந்நூறு சுவிட்ச் என்பாய், கிளப்பவே அரை மணி நேரம் என்பாய், கம்ப்யூட்டர் திணறும் என்பாய்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேங்காய்க் குவியலைச் சுற்றி வந்து ‘காய் சின்னது, தண்ணி வத்திப்போச்சு’ என்று வாய் ஓயாமல் குறை சொல்கிறவன்தான் அதை எடுக்கப்போகிறவன். வேண்டாதவன் பேசாமல் அடுத்த குவியலுக்குப் போய்விடுவான். நாம் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் தேங்காய் வியாபாரத்தில் இறங்கிச் சேர்ந்து கற்றுக்கொண்ட பாடம் இது. அதையே என்னிடம் பிரயோகித்துவிட்டாயே.

வீம்புக்கு நானும் வாங்கினேன். நீ ஓட்டிய அதே போயிங் 737 விமானத்தை மூன்று கம்பெனிக்காரர்கள் செய்து விற்கிறார்கள். எதை எடுப்பது? விவரம் எல்லாம் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக இருந்தது. நான் கையில் தூக்கிப் பார்த்துக் காய் வாங்கிப் பழகியவன். கனம் இருந்தால் உள்ளே பருப்பு இருக்கும். மூன்றில் எது அதிக ஜி.பி. என்று பார்த்து அதை எடுத்தேன். டவுன்லோட் ஆவதற்கே ஒரு பகல் முழுக்க ஆயிற்று. கடைசியில் என் கம்ப்யூட்டர் நடுவானில் உறைந்து நின்றது. நீ பார்த்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாய்.

அதோடு முடியவில்லை. சேர்ந்து பறக்க வேண்டுமானால் இரண்டு பேரிடமும் ஒரே கம்பெனி விமானம் இருக்க வேண்டுமாம். யாரிடம் கேட்பது? வேறு வழியில்லாமல் கணேசனுக்கே போன் போட்டேன். அவர் பேர் சொன்ன விமானம், நான் வாங்கியதில் கால்வாசி கனம்கூட இல்லை. அதையும் வாங்கி, அவர் சொன்ன ஃபோல்டரிலேயே வைத்தேன். விளையாட்டைத் திறந்தால் விமானத்தைக் காணோம்.

“அண்ணே, ஜிப் ஃபைலைப் பிரிச்சீங்களா?”

“பிரிக்கணுமா?”

“மூட்டைய அவுக்காமலே அடுப்புல ஏத்திட்டீங்களேண்ணே!”

எனக்குக் கோபமாக வந்தது. சிரித்ததற்கு இல்லை. இப்படி உன்னிடமும் மூன்று வருஷம் சிரித்துப் பேசியிருப்பாரே, அதற்கு.

போன ஞாயிறு காலை, அவரவர் வீட்டிலிருந்தே, திருச்சி ஏர்போர்ட்டில் விமானம் ஏறினோம். “அண்ணே, இடது சீட்டுல உக்காருங்க” என்றார். மாட்டேன் என்றேன். “அப்ப நான் உக்காரட்டா?” என்றார். நீங்களும் உட்காரக் கூடாது என்றேன். கடைசியில் இரண்டு பேரும் வலது சீட்டிலிருந்தே ஓட்டினோம். கம்ப்யூட்டர் என்பதால் இந்தக் கூத்து நடக்கிறது. மேலே போய்த் திரும்பினால் காவிரியும் கொள்ளிடமும் கீழே இரண்டு கோடு. இதைத்தானா என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்தாய்?

இறக்கியது நான். தரையைத் தொடும்போது கீழிறங்கிய வேகம் நிமிஷத்துக்கு நானூற்றுப் பத்து அடி என்று காட்டியது.

“இது இறக்கினது இல்லீங்கண்ணே, மரத்துலேர்ந்து குலைய வெட்டிப் போட்டது. பாஸ்கர் அண்ணன் எழுபத்திரண்டு அடியில வச்சாரு. சக்கரம் தொட்டதே தெரியாது.”

எழுபத்திரண்டு. அந்த எண்ணைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை மாப்ள. அங்கேயே மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். “கணேசன், அவன் ஏன் என்னை ஒரு நாள்கூடக் கூப்பிடல?”

முதலில் இன்ஜின் சுவிட்சை அணைத்தார். அப்புறம் சொன்னார். “வருத்தப்படக் கூடாதுண்ணே. நானும் கேட்டேன். ‘அவன் வந்தா ஒரு மாசத்துல என்னைத் தாண்டிடுவான் கணேசன். தேங்காய்லயும் அப்படித்தான் ஆச்சு. இந்த ஒரு இடமாச்சும் எனக்கு இருக்கட்டும்’னாரு.”

பேராவூரணித் தோப்பு. அதைத்தானே சொன்னாய்? குத்தகைக்கு நீ பேசி வைத்திருந்த தோப்பு. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நான் முடித்துக்கொண்டேன். வியாபாரம்தானே மாப்ள என்றேன். நீயும் சிரித்தாய். அந்த வருஷமே தேங்காயை விட்டுவிட்டு மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை போட்டாய். “தோப்பு தோப்பா அலைய என்னால ஆகாது மச்சான்” என்றாய். பார்வையிலேயே காயின் உள்பக்கம் சொல்கிறவன் என்று பேர் எனக்கு. அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எப்படிப் பார்க்காமல் விட்டேன்? இல்லை, பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தேனா?

அந்தத் தோப்பில், புயலுக்கு அப்புறம் நட்ட கன்றெல்லாம் இப்போது காய்க்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்கு வாய் கூசுகிறது.

எழுபத்திரண்டை அப்படியே உனக்கு விட்டுவிடுகிறேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நீ நம்ப மாட்டாய். வேண்டுமென்றே தோற்று உனக்கு நான் பிச்சை போடவா? தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பழகுகிறேன். முந்நூற்று முப்பது வரைக்கும் குறைத்திருக்கிறேன். உன்னைத் தாண்டப் பார்ப்பேன், ஒளிவுமறைவு இல்லாமல். தாண்டினால் வந்து வயிறெரிந்துகொள்.

ஆனால் ஒரு வாக்கு, இதைப் படிக்கிற அத்தனை பேரையும் சாட்சி வைத்து. இந்தத் தடவை நீ பேசி வைத்த இடத்தில் நான் போய் உட்கார மாட்டேன். தாண்டினாலும் வலது சீட்டிலிருந்தே தாண்டுவேன்.

பேராவூரணிக்கு முதல் பஸ் பிடித்துப் போன
உன் மச்சான்,
சுந்தரம்