ஞானதுரைக்கு இறங்க இடம்

நிலா தென்துருவ நிலையம். பொறுப்பு: முனைவர் செண்பகவல்லி. ஆள் எண்ணிக்கை: ஒன்று.

9 மார்ச் 2071, 07:10

காற்று, நீர், மின்சாரம் சரி. துளைக்கருவி 41 மீட்டர் ஆழத்தில். பனிக்கட்டி மாதிரிகள் பன்னிரண்டு. அறிக்கை வழக்கம்போல ஞானதுரைக்குப் போய்விட்டது. இங்கிருந்து எது போனாலும் திட்டத் தலைவரான அவன் திறந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். இருவரும் ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆண்டில் பட்டம் வாங்கியவர்கள். நான் நிலாவுக்கு வந்தேன். அவன் தொலைக்காட்சிக்குப் போனான்.

10 மார்ச், 18:30

அக்காவின் செய்தி: "சின்னவ மாறுவேடப் போட்டியில விஞ்ஞானியா போய் முதல் பரிசு வாங்கிட்டாடி. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, ஞானதுரை சார் மாதிரியே மீசையும் வரைஞ்சு விட்டேன். அசல் அவரேதான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சித்தி நான் இங்கே நிலாவைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன், என் அக்கா மகளுக்கு விஞ்ஞானியாக ஒரு மீசை தேவைப்பட்டிருக்கிறது. வயிறு எரிகிறது. எரிகிறது என்றே எழுதுகிறேன், இங்கே யாருக்குப் பயந்து மறைக்க? வெள்ளைக் கோட்டாம். எனக்கு இருப்பது அக்குளில் தையல் விட்ட சாம்பல் நிற உடை ஒன்றுதான்.

11 மார்ச், 11:05

தரை ரேடார் ஓட்டினேன். இறங்குதளத்துக்கு அடியில் ஆறு மீட்டர் வெற்றிடம். பக்கத்தில் ஓடும் என் துளைக்கருவியின் சூட்டில் பனி ஆவியாகிவிட்டது. பதினைந்தாம் தேதி ஞானதுரை அங்கேதான் இறங்குகிறான், நேரலையில்.

விதிப்படி இன்றே சொல்ல வேண்டும். சொன்னால்? வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "நாங்கள் ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்தோம்" என்பான். அந்த 'நாங்கள்' ஒன்றுக்கே அவனை அறையலாம்.

மாட்டேன். அவன் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது, உலகமே பார்க்கையில், இறங்காதே என்று நானே சொல்வேன். அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும்.

15 மார்ச், 09:42

அவன் கலத்தைக் கூப்பிட்டேன், என் குரல் போகவில்லை. காலையில் பூமியிலிருந்து கட்டுப்பாட்டு மையம் அனுப்பியிருந்த தகவலை இப்போதுதான் திறந்தேன்: "நிகழ்ச்சி முடியுற வரைக்கும் நிலையத்தோட லைன் இருக்காது மேடம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க சார்கிட்ட கேள்வி கேக்குறாங்க."

09:47

எழுத்தில் அனுப்பினேன். அவசரம் என்று போட்டும் திரை சொல்கிறது: ஞானதுரையின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. மறுபடி அனுப்பினேன். அதுவும் அவன் பெட்டியில்தான் போய் விழுந்தது.

09:53

வெளியே ஓடிக் கையசைக்கலாம் என்றால் விண்வெளி உடை மாட்டவே நாற்பது நிமிடம். அவன் இறங்க ஒன்பது நிமிடம். நேரலை மட்டும் எனக்குக் கேட்கிறது. பயமா இருக்காதா சார் என்று ஒரு குழந்தை கேட்டது. அவன் சொன்னான்:

"பயமே இல்லம்மா. கீழ செண்பகவல்லின்னு ஒருத்தங்க இருக்காங்க. நிஜ விஞ்ஞானி அவங்கதான். நான் சும்மா பேசுறவன். அவங்க தரையப் பாத்துட்டாங்கன்னா நான் கண்ண மூடிக்கிட்டு இறங்குவேன்."

இறங்காதேடா. பாவி, இறங்காதே.

10:02

கலம் சாய்ந்தது. "செண்பகம், தரை உள்ள போகுது, நீ பாத்—"

16:20

எல்லாத் திரையிலும் அவன் படத்துக்கு மாலை. நாட்டின் மாபெரும் விஞ்ஞானி என்கிறார்கள். செத்தும் அவன்தான். அதற்கும் ஒரு நொடி எரிந்தது, நான் மனுஷிதானா?

மையத்திலிருந்து: "மேடம், இனி திட்டத் தலைவர் நீங்கதான். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு உலகமே காத்திருக்கு. கடைசியா எடுத்த தரை அளவீட்ட மட்டும் அனுப்பிருங்க."

அளவீட்டில் 11 மார்ச் என்று இருக்கிறது. பார்த்துக் கையெழுத்திட வேண்டியவள் இப்போது நான்தான்.

15 மார்ச், 09:40 என்று மாற்றிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.