பெயர் கூப்பிடாத காலை

மஸ்கெலியா, திங்கள் இரவு

"குணம் பிறவியிலேயே வருதா டீச்சர்?" என்னிடம் படித்தபோது வகுப்பில் ஒருநாள் கலா கேட்டாள். இன்று அவள் தையல் கடை போட பஜாரில் இடம் கேட்டுப் போனோம். கட்டட முதலாளி சிரித்தார்.

"வியாபாரம் எங்க இரத்தத்துல இருக்கு டீச்சர். தோட்டத்து ஆளுங்க காலைப் பெரட்டுல வரிசையா நிக்கவெச்சுப் பேர் கூப்பிட்டாத்தானே வேலைக்கு நகருவாங்க? இடம் இல்லைங்க."

"அதுக்குத்தாங்க கடையே," என்றாள் கலா. "எங்கம்மா பேரைக் கங்காணி கத்துறதைக் கேட்டுத்தான் தினமும் முழிச்சேன். என்னை எவனும் அப்படிக் கூப்பிடக்கூடாது."

இரத்தமாம்! அதே தோட்டத்து லய வீட்டில் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த அவள் அண்ணன், இன்று கங்காணியாக நின்று கத்துகிறான். இதற்கு முதலாளி என்ன சொல்வார்?

என் முன்னறை ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. விடிந்ததும் முதல் வேலையாக சோபாவை வெளியே தூக்கிப் போட்டு, கலாவின் தையல் மெஷினுக்கு இடம் பண்ண வேண்டும்.